சாம்பல் டப்பாவும் முட்டைக்கோஸ் தண்ணியும்: நடு ஆஸ்திரேலியாவுல ஆறு நாள்

நாள் 1, ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்

காலைல அடிலெய்ட்ல ஃப்ளைட் ஏறினோம், ரெண்டு மணி நேரம், ஜன்னல் வழியா கீழ பார்த்தா கண்ணுக்கெட்டுன தூரம் செகப்பு மண்ணுதான், திருச்செந்தூர் பக்கம் தேரிக்காட்டைப் பார்த்து வளர்ந்தவங்களுக்கு அந்தக் கலர் பழக்கம், ரெண்டுலயும் வேலை பார்க்கிறது அதே இரும்புத் துருதான். நாங்க நாலு பேர். டீம் லீடர் ஒரு கெமிஸ்ட்ரி ப்ரொஃபசர், இந்த மாதிரி ட்ரிப் அவருக்குப் புதுசு இல்ல. ரெண்டு ஸ்டூடண்ட்ஸ், அப்புறம் நான். வேலை என்னன்னா லூரிச்சா பேசுற ஆதிவாசி ஊர்ல ஒரு சின்ன ஸ்கூலுக்குப் போய் மூணு நாள் பசங்களோட கையால செய்யுற கெமிஸ்ட்ரி. ஊர் பேரு, ஸ்கூல் பேரு, யாரோட பேரும் எழுத மாட்டேன், குழந்தைங்க இருக்கிற இடம், போட்டோவும் கிடையாது. அங்க போக சென்ட்ரல் லேண்ட் கவுன்சில்கிட்ட பர்மிட் வாங்கணும், 1976ல வந்த நில உரிமைச் சட்டத்துக்கு அப்புறம் அது அவங்க நிலம், அதனால வீட்டுக்காரங்ககிட்ட கேட்டுட்டு உள்ள போற மாதிரின்னு நெனச்சுக்கிட்டேன்.

மத்தியானம் முழுக்க ஷாப்பிங். எங்க லேப் இன்னைக்கு சூப்பர் மார்க்கெட்தான். ஆறு ஊதா முட்டைக்கோஸ், வினிகர், சோடா மாவு, எலுமிச்சம்பழம், சிட்ரிக் ஆசிட், ஜாம் பாட்டில் மாதிரி பிளாஸ்டிக் டப்பா நாப்பது. கண்ணாடி எதுவும் எடுக்கல, ரோடு அப்படி.

எடுக்கக்கூடாத லிஸ்ட்தான் பெருசு. அசிட்டோன், ஸ்பிரிட், ஸ்ப்ரே கேன், பசை, ஒண்ணும் கூடாது. காலேஜ்ல டெமோன்னா ஸ்பிரிட்ல உப்பைக் கலந்து பச்சை, செகப்புன்னு தீ காட்டுவோம்ல, அதுவும் இங்க கிடையாது. போற ஊர் சாராயம் தடை பண்ணின ஊர், அதுபோக இந்தப் பக்கத்துல ஒரு தலைமுறைப் பிள்ளைங்களை பெட்ரோல் மோந்து பார்க்கிற பழக்கம் சீரழிச்சிருக்கு, மூளையவே தின்னுரும் அது. அதுக்கு ஒரு வழியா 2005ல இருந்து ஓபல்னு ஒரு பெட்ரோல் கொண்டு வந்தாங்க, மயக்கம் குடுக்கிற பென்சீன், டொலுவீன் வகையறா அதுல ரொம்பக் குறைவு, வண்டி ஓடும், மோந்தா போதை ஏறாது. பங்க்ல அந்தப் பேரைப் பார்த்ததும் கொஞ்ச நேரம் நின்னுட்டேன், கெமிஸ்ட்ரி படிச்சவங்க யாரோ உக்காந்து யோசிச்சுப் பண்ணின வேலை இது, பிள்ளைங்க உசுரைக் காப்பாத்திருக்கு.

நாள் 2, மேற்கால

காலைல அஞ்சரைக்கு வெளிய வந்தா கை விறைக்குது, ஜூலை மாசம் பாலைவனத்துல ராத்திரி பூஜ்யம் டிகிரி வரைக்கும் இறங்குது. நமட்ஜிரா டிரைவ்ல மேற்கால போனோம், 1902ல ஹெர்மன்ஸ்பர்க் மிஷன்ல பிறந்த ஆல்பர்ட் நமட்ஜிராவோட பேரைத்தான் ரோட்டுக்கு வச்சிருக்காங்க, அவர் வாட்டர் கலர்ல வரைஞ்ச வெள்ளை மரங்களும் ஊதா மலையும் ரோட்டோரத்துல அப்படியே நிக்குது.

சுமார் 110 கிலோமீட்டர்ல ஆக்கர் பிட்ஸ்னு ஒரு எடம். காய்ஞ்ச ஓடை, அதோட கரை முழுக்க காவிக்கல், செகப்பு, மஞ்சள், வெள்ளை, ஊதா சாயல்னு கோடு கோடா செங்குத்தா நிக்குது, யாரோ சேலையை நிறுத்தி வச்ச மாதிரி. அரண்டா மக்கள் சடங்குக்கும் உடம்புல பூசவும் தலைமுறை தலைமுறையா இங்க மண்ணு எடுக்குறாங்க, நாம தொட்டுச் சொரண்டக் கூடாது, மீறினா ஃபைன். மஞ்சளா இருக்கிறது கோயதைட், இரும்பும் ஆக்சிஜனும், உள்ள கொஞ்சம் தண்ணியும் கட்டிப்போட்டு வச்சிருக்கிற தாது. செகப்பு ஹேமடைட், அதுல தண்ணி இல்ல. மஞ்சளை நல்லா சூடு பண்ணினா, ஒரு முன்னூறு டிகிரி கிட்ட, உள்ள இருக்கிற தண்ணி வெளிய போயி செகப்பா மாறிடும். நம்மூர்ல கோலத்துக்கு சுத்தி காவி தீட்டுறாங்களே, அந்தக் கல்லும் இந்தக் குடும்பம்தான். எங்க கிட்ல மஞ்சள் காவி இருக்கு, ஆர்ட் கடைல காசு குடுத்து வாங்கினது.

அதுக்கப்புறம் தார் ரோடு ஒரு எடத்துல முடிஞ்சு வாரிப்போட்ட மண் ரோடு, துணி துவைக்கிற கல்லு மேல வண்டி ஓட்டுற மாதிரி. பின்னாடி ரெண்டு வினிகர் பாட்டில் மூடி கழண்டு சோடா மாவுப் பொட்டி மேல ஊத்தி, கதவைத் திறந்தா வண்டிக்குள்ளயே நுரை. பாதி சோடா போச்சு. பப்புன்யா வழியா போனோம், 1971ல அந்த ஊர் ஸ்கூல் சுவத்துலதான் பெரியவங்க தேன் எறும்புக் கனவை, அதாவது அவங்க மூதாதையர் கதையை, வரைஞ்சாங்க, அதுலருந்துதான் இன்னைக்கு உலகம் பூரா மியூசியத்துல தொங்குற புள்ளி ஓவியங்களுக்கு வழி பிறந்துச்சு, அடுத்த வருஷமே ஓவியர்களே சேர்ந்து ஒரு கம்பெனி ஆரம்பிச்சாங்க. அந்த சுவர் ஓவியத்து மேல பின்னாடி பெயிண்ட் அடிச்சு மறைச்சுட்டாங்க. கேக்கவே வயித்தெரிச்சலா இருந்துச்சு.

சாயங்காலம் ஊருக்கு வந்து சேர்ந்தோம். டீ போட கெட்டிலைத் திறந்தா அடில வெள்ளையா அரை இஞ்சுக்கு படிவம், எல்லாம் ஆழ்துளைக் கிணத்துத் தண்ணி. நாளைக்கு அதையே பாடமாக்கலாம்னு ப்ரொஃபசர் சொன்னார்.

நாள் 3, முதல் கிளாஸ்

இன்னைக்கு சரியா வரல. ஏன் வரலைன்னு யோசிச்சதை எழுதுறேன், இது மாதிரி வேலைக்குப் போற வேற யாருக்காவது உதவும்.

ஒம்போது மணிக்கு பதினேழு பசங்க, ஆறுலருந்து பதிமூணு வயசு. எல்லாருக்கும் வீட்டு பாஷை லூரிச்சா, இங்கிலீஷ் சிலருக்கு மூணாவது, சிலருக்கு நாலாவது பாஷை. டீச்சர் கழுத்துல மைக் மாட்டியிருக்காங்க, சுவத்துல ஸ்பீக்கர், நான் முதல்ல இவ்ளோ சின்ன ரூமுக்கு எதுக்கு மைக்குன்னு நெனச்சேன். காதுல சீழ் வர்ற நோய் இங்க குழந்தைங்களுக்கு அவ்வளவு அதிகம். ஒரு ஊர்ல நாலு சதவீதத்துக்கு மேல குழந்தைங்களுக்கு அது இருந்தாலே அவசரப் பிரச்சினைன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, இந்தப் பக்கத்து ஊருங்கள்ல பல எடத்துல அதைத் தாண்டித்தான் இருக்கு. பாதிப் பிள்ளைக்கு டீச்சர் பேசுறது தண்ணிக்குள்ள இருந்து கேக்குற மாதிரி கேட்டா அவன் எப்படி உக்காந்து கவனிப்பான். கையால தொட்டு செய்யுற பாடம்ங்கிறது இங்க விளையாட்டுக்கு இல்ல, அதுதான் சில பிள்ளைங்களுக்கு பாடம் உள்ள போற வழியே.

நாங்க வழக்கமா பண்றதுதான் பண்ணினோம். முட்டைக்கோஸ் தண்ணில அமிலமான வினிகர் விட்டா ரோஸ் கலர், காரமான (ஆல்கலி) சோடா விட்டா நீலம், பசங்க "ஓ"ன்னாங்க, சிரிச்சாங்க. அப்புறம் எங்க ஸ்டூடண்ட் ஒருத்தர் "யாரு முன்னாடி வந்து பண்றீங்க"ன்னு கேட்டார். ஒருத்தரும் நகரல. ஒரு பையனைக் கை காட்டிக் கூப்பிட்டார், அவன் டீ-ஷர்ட்டை மூக்கு வரைக்கும் இழுத்து முகத்தை மறைச்சுக்கிட்டான், பக்கத்துல இருந்தவங்க மெதுவா "ஷேம், ஷேம்"னாங்க. அந்த ஷேம்ங்கிறது நம்ம வெக்கத்தை விட ரொம்ப ஆழமான ஒண்ணு, கூட்டத்துலருந்து ஒருத்தரைத் தனியா பிரிச்சு நிறுத்துறதே ஒரு தண்டனை மாதிரி அவங்களுக்கு. அப்புறம் ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு எண்ணி குரூப் பிரிச்சோம், அதுவும் தப்பு. எட்டு உறவுப் பிரிவு இருக்கு, யாரு யாருக்கு என்ன முறை, யாரு யாரோட நேருக்கு நேர் பேசக்கூடாதுன்னு பிறந்ததுலருந்தே தெரியும், நாம எண்ணிப் பிரிச்சதுல முறை தப்பின ஒரு பொண்ணும் பையனும் ஒரே டேபிள்ல உக்கார வேண்டியதாகி ரெண்டும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கிச்சு. ஊர்க்கார உதவி டீச்சரம்மா எழுந்து வந்து ஒரு வார்த்தை சத்தமா பேசாம ரெண்டு நிமிஷத்துல எல்லாரையும் மாத்தி உக்கார வச்சாங்க. அதுக்கப்புறம்தான் கிளாஸே மூச்சு விட்டுச்சு.

கெட்டில் படிவத்தைச் சொரண்டி வினிகர்ல போட்டு நுரை வர்றதைப் பார்த்தாங்க, நம்ம வீட்டுத் தண்ணிக்குள்ள கல்லு இருக்கான்னு ஒரு பொண்ணு கேட்டா, இன்னைக்கு வந்த ஒரே கேள்வி. நல்ல கேள்வி. சுண்ணாம்புக்கல்லு கரைஞ்சுதான் வருதுன்னு சொன்னேன்.

மத்தியானம் நிழல்ல உக்காந்திருந்தப்ப உதவி டீச்சரம்மாகிட்ட உங்க பாஷைல மக்களுக்கு என்ன வார்த்தைன்னு கேட்டேன். சொன்னாங்க. நான் திரும்பச் சொன்னேன், அணஙு. அவங்க நிமிர்ந்து பார்த்தாங்க, திரும்பச் சொல்லுன்னாங்க, சொன்னேன். அந்த ண நாக்கை மடிச்சு சொல்ற நம்ம ண-தான், கடைசில வர்றது ஸ்கூல்ல எழுதிப் பழகிட்டு தனியா எங்கயும் உபயோகிக்காத அந்த ங. எங்க டீம்ல மத்தவங்களுக்கு ரெண்டும் வரல. அஞ்சு நிமிஷத்துல எட்டு பசங்க என்னைச் சுத்தி வந்து ஒவ்வொரு வார்த்தையா குடுத்து என்னைச் சொல்ல வச்சாங்க, கபி தண்ணி, வரு நெருப்பு, பல்யா நல்லது, வியா இல்ல. காலைல வாயே திறக்காத பையன்தான் எனக்கு வாத்தியார்.

நாள் 4, சாம்பல்

இன்னைக்கு நடந்தது மறக்காது, அதனால நீளமா எழுதுறேன்.

காலைல உதவி டீச்சரம்மாவோட அம்மா வந்தாங்க, பசங்க எல்லாருக்கும் கபர்லி, பாட்டி. அவங்க கன்னத்துல ஒரு பக்கம் ஏதோ உருண்டை அடக்கி வச்சிருந்தாங்க, எனக்குப் பார்த்ததும் எங்க திருநெல்வேலி ஆச்சி ஞாபகம்தான், வெத்தலைப் பொட்டி மடில இருக்கும், எப்பவும் கன்னம் உப்பியிருக்கும். இவங்க அடக்கி வச்சிருந்தது மிங்குல்பா, இந்த நிலத்துலயே காட்டுல முளைக்கிற புகையிலை. அதைச் சாம்பல்ல புரட்டித்தான் வாயில வைப்பாங்க. கண்ட சாம்பலும் இல்ல, குறிப்பிட்ட மரத்தோட சாம்பல்.

எனக்கு தலைல யாரோ தட்டின மாதிரி இருந்துச்சு. ஆச்சி வெத்தலைல சுண்ணாம்பு தடவுவாங்களே அதே வேலைதான் இது. புகையிலை இலைல நிக்கோட்டின் உப்பா கட்டுப்பட்டு இருக்கும், அந்த நிலைல வாய்த்தோலு வழியா உள்ள போறது கஷ்டம், சாம்பல்ல இருக்கிற காரம் பட்டா விடுபட்டு வந்துடும். வெத்தலைப் பாக்குலயும் சுண்ணாம்பு பாக்குல இருக்கிற சரக்கை இப்படித்தான் விடுவிக்குது. ரெண்டும் உடம்புக்கு ஆகாது, எங்க ஆச்சிக்கு வாய்ப்புண்ணு வந்து நாங்க பட்ட பாடு எனக்குத் தெரியும், டீச்சரும் புகையிலை கிளாஸுக்குள்ள வரக்கூடாதுன்னு கறாரா சொல்லிட்டாங்க, கபர்லியும் அதேதான் சொன்னாங்க, பிள்ளைங்களுக்கு அது வியா. ஆனா சாம்பல்? சாம்பலைப் பத்திப் பேசலாமான்னு கேட்டோம். கொஞ்ச நேரம் ஒண்ணும் சொல்லல, தூரத்துல பார்த்துக்கிட்டே இருந்தாங்க. அப்புறம் எழுந்து நடக்க ஆரம்பிச்சாங்க, பசங்க எல்லாம் பின்னாடியே ஓடினாங்க.

ஒரு மணி நேரம் சுத்தி ஆறு வகை மரம், ஒவ்வொண்ணுலருந்தும் காய்ஞ்ச குச்சி, பட்டை, இலை. எந்த மரம்னு எழுத வேண்டாம்னு கபர்லி சொன்னாங்க, எழுதல. தனித்தனியா எரிச்சு ஆறு பால்பவுடர் டப்பால போட்டு நம்பர் ஒட்டினோம். அப்புறம் கபர்லி டப்பாங்களை வரிசையா நகர்த்தி வச்சாங்க, ஒரு பக்கம் காட்டி "திஸ் ஒன் சீக்கி"ன்னாங்க. சீக்கின்னா இந்தப் பக்கத்து இங்கிலீஷ்ல கடிக்கிறது, வீரியமானது, சீக்கி பாம்பு, சீக்கி நாய். எனக்கு சந்தோஷம் தாங்கல, நம்ம பாஷைலயும் மொளகாயும் காரம், சுண்ணாம்பும் காரம், ரெண்டு பேருமே நாக்கை வச்சுத்தான் பேர் வச்சிருக்கோம்.

ஒவ்வொரு டப்பாலருந்தும் ஒரு ஸ்பூன், அதே அளவு தண்ணி, கலக்கி தெளிய விட்டு காபி ஃபில்டர்ல வடிகட்டி, மேல முட்டைக்கோஸ் தண்ணி பத்து சொட்டு. எல்லாருக்கும் கண்ணுக்கு மாட்டுற பாதுகாப்புக் கண்ணாடி, கிளவுஸ், சாம்பல் தண்ணி கண்ணுல பட்டா எரியும். இங்கதான் முக்கியமான விஷயம், எங்க நாலு பேருக்கும் விடை தெரியாது. நேத்து வினிகர் விட்டப்ப ரோஸ் வரும்னு எங்களுக்குத் தெரியும், எங்களுக்குத் தெரியும்னு பசங்களுக்கும் தெரியும், அப்புறம் அவங்க எதுக்கு மண்டையை உடைக்கணும்? இன்னைக்கு ப்ரொஃபசரே முட்டி போட்டு டப்பா மேல குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தார். பசங்க அவர் மூஞ்சியைத்தான் பார்த்தாங்க, இவருக்கும் தெரியலன்னு புரிஞ்ச அந்த நிமிஷத்துல ரூமே மாறிடுச்சு, எல்லாரும் டேபிளைச் சுத்தி ஒட்டிக்கிட்டு நின்னாங்க, கையைக் காட்டி பேச்சு, விரலால சைகை, காது சரியா கேக்காத ஒரு சின்னப் பொண்ணு எல்லாருக்கும் முன்னாடி சொட்டு எண்ணிக்கிட்டிருந்தா.

ஒண்ணு நீலம். ரெண்டு நீலம் கலந்த பச்சை. மூணு அதே. அஞ்சு நல்ல பச்சை. ஆறு பச்சை தாண்டி மஞ்சள் பக்கம் போயிடுச்சு, காரம் கூடக் கூட அப்படித்தான் போகும். கபர்லி வச்ச வரிசை அப்படியே வந்துச்சு, நாலாம் நம்பரைத் தவிர. நாலை அவங்க வீரியமான பக்கம் வச்சிருந்தாங்க, வந்தது வெறும் நீலம்.

பசங்க எல்லாம் கபர்லியைப் பார்த்தாங்க. எங்க ஸ்டூடண்ட் ஒருத்தர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், ப்ரொஃபசர் கையைக் காட்டி நிறுத்திட்டார். கபர்லி நாலாம் டப்பாக்குள்ள ரெண்டு விரலை விட்டு எடுத்து உள்ளங்கைல தேய்ச்சாங்க. கருப்பு. ஆறாம் டப்பாலருந்து எடுத்து பக்கத்துல தேய்ச்சாங்க. வெள்ளை, மாவு மாதிரி. "நாட் குக்ட்"னாங்க. வேகலையாம். நேத்து டீ-ஷர்ட்டுக்குள்ள முகத்தை மறைச்ச பையன் டப்பாவை அப்படியே தூக்கிக்கிட்டு வெளிய நெருப்புக்கிட்ட போயிட்டான், தகரத்துல கொட்டி குச்சியால கிளறி கிளறி அரை மணி நேரம் சுட்டான், கருப்பெல்லாம் எரிஞ்சு சாம்பல் அளவுல பாதியாகி வெள்ளையா வந்துச்சு. திரும்ப ஒரு ஸ்பூன், தண்ணி, வடிகட்டி, பத்து சொட்டு. பச்சை.

அவன் ஒண்ணும் சொல்லல, டப்பாவை எடுத்து கபர்லி மொதல்ல வச்ச எடத்துலயே வச்சான். அந்தப் பாட்டி அப்பதான் சிரிச்சாங்க.

கரி கலந்திருந்தா ஒரு ஸ்பூன்ல பாதி வெறும் கரி, சாம்பல் சத்து கம்மி, அதுபோக நல்ல சூட்டுல எரியும்போது கார்பனேட் பிரிஞ்சு ஆக்சைடா ஆகும், அதோட காரம் இன்னும் கூடுதல், சுண்ணாம்புக் காளவாசல்ல நடக்கிறதும் அதுதான். இதை போர்டுல எழுதினப்ப பசங்க கவனிச்சாங்க, ஏன்னா இப்ப அது அவங்க கேள்விக்கு பதில். கபர்லிக்கு இந்த சமன்பாடு எதுவும் தேவைப்படல, உள்ளங்கைல ஒரு தேய்ப்பு போதும்.

எங்க ஆச்சி வெத்தலைக்குப் போடுற சுண்ணாம்பைப் பத்தி உதவி டீச்சரம்மா மூலமா கபர்லிகிட்ட சொன்னேன். கிளிஞ்சலைச் சுட்டுப் பண்றதுன்னு சொன்னதும் கடல் எவ்வளவு தூரம்னு கேட்டாங்க. அப்புறம் அது சீக்கியான்னு கேட்டாங்க. வாய் வெந்துடும்னேன். நாலு பசங்க ஒரே நேரத்துல "எந்தக் கலர் வரும்?"னு கேட்டாங்க.

நாள் 5

காலைல மஞ்சள் காவி. தகர மூடில ஒரு ஸ்பூன், கேஸ் அடுப்பு, மேல குளிர்ந்த தட்டு ஒண்ணைக் கவுத்துப் பிடிச்சோம். அஞ்சாறு நிமிஷத்துல ஓரத்துலருந்து ஆரஞ்சு, அப்புறம் செகப்பு உள்நோக்கி ஓடுது, தட்டுல பொடிப் பொடியா தண்ணி முத்து. கல்லுக்குள்ள இருந்து கபி வருதுன்னு ஒரு பொண்ணு கத்தினா, அவ பாஷைல, டீச்சர் மொழிபெயர்த்தாங்க. ரொம்பப் பெரிய பசங்க ரெண்டு பேர் இது எங்க தாத்தாங்களுக்குத் தெரியும்னு சொல்லிட்டு அதுக்கு மேல பேசல, நாங்களும் கேக்கல, காவில எது பொது எது பொது இல்லன்னு அவங்களுக்குத் தெரியும்.

அடுத்தது கிதி, ஸ்பினிஃபெக்ஸ் புல்லுல ஊறுற பிசின். புல்லை அடிச்சு, சொளகுல புடைக்கிற மாதிரி மரத்தட்டுல புடைச்சு, தூளைச் சூடாக்கி உருட்டினா கருப்பா உருண்டை, ஆறினதும் கல்லு, திரும்ப சூடு காட்டினா மெழுகு. ஈட்டியெறியற கட்டைல கல்லுக் கத்தியை ஒட்டுறது இதுலதான். உருக்கி உருக்கி திரும்பப் பயன்படுத்தலாம். பிளாஸ்டிக்ல ஒரு வகை இப்படி இருக்கும்னு பாட்டில் மூடியைக் காட்டினோம்.

பாதில ஒரு வண்டி வந்து நின்னுச்சு, ஒருத்தர் இறங்கி உதவி டீச்சரம்மாகிட்ட மெதுவா ஏதோ சொன்னார். வேற ஊர்ல ஒரு மரணம், நிறைய பேருக்குச் சொந்தம். இந்தத் துக்கம் அனுசரிக்கிறதை சாரி (sorry) பிசினஸ்னு சொல்லுவாங்க. இறந்தவங்க பேரை யாரும் சொல்ல மாட்டாங்க, அதே பேரு இருக்கிறவங்களைக்கூட வேற பேர்ல கூப்பிடுவாங்க. ஒரு மணி நேரத்துல வண்டி வண்டியா ஊரே கிளம்பிடுச்சு. சாயங்காலம் எல்லாரும் பார்க்க ஒரு நிகழ்ச்சி வச்சிருந்தோம், எடுத்து வச்சுட்டோம். கபர்லி போகும்போது வண்டி ஜன்னல்லருந்து ஒரு கையை லேசா திருப்பிக் காட்டினாங்க.

நாள் 6, திரும்ப ஆலிஸ்

காலைல ஸ்கூலைக் கூட்டி கழுவிக் குடுத்தோம். ஆறு டப்பாவையும் எடுத்துட்டுப் போய் லேப்ல மெஷின்ல போட்டுப் பார்க்கலாமான்னு எனக்கு ஆசை இருந்துச்சு, கேக்க வேண்டியவங்க ஊர்ல இல்ல, அதனால கிளாஸ் அலமாரிலயே நம்பரோட வச்சுட்டு வந்தோம். பக்கத்துல மிச்ச முட்டைக்கோஸை வேக வச்சு வடிச்ச தண்ணி, ஐஸ் ட்ரேல உறைய வச்சு ஃப்ரீசர்ல, ரெண்டு மூணு மாசம் தாங்கும். காரம் அளக்கிற மீட்டர் எதுவும் வேண்டாம்.

வழில எல்லாரும் அமைதியாத்தான் வந்தோம். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ்ல சிக்னல் வந்ததும் போன்ல டீச்சரோட மெசேஜ், ஊருக்குப் போகாம தங்கின மூணு பசங்க அந்த ஐஸ் கட்டியை எடுத்து தண்ணித் தொட்டித் தண்ணி, நாய் குடிக்கிற தண்ணி, கோக், சோப்பு எல்லாத்துலயும் போட்டுப் பார்த்துட்டாங்களாம், நெருப்புல சுட்ட எலும்பையும் பொடி பண்ணி ஏழாம் நம்பர் ஒட்டி வச்சிருக்காங்களாம். எட்டாம் டப்பா காலியா இருக்காம், இந்தியப் பாட்டியோட வெள்ளைக்குன்னு.

நாளைக்கு அடிலெய்ட் போனதும் முதல் வேலை இண்டியன் கடைல ஒரு சுண்ணாம்பு டப்பா, கூட ஆறு ஜோடி கிளவுஸ், போஸ்ட் பண்ணணும். என்ன கலர் வரும்னு கேட்டு திரும்ப மெசேஜ் வந்திருக்கு. நான் சொல்லல, பண்ணிப் பார்த்துட்டு எனக்குச் சொல்லுங்கன்னு எழுதியிருக்கேன்.